வள்ளத்துக்கும் ஊஞ்சலுக்கும் நாமே மெத்தை தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிக் கடற்கரைப் பக்கம் ஃபைபர் வள்ளத்தின் பலகைக்கு மெத்தை தைக்க நினைப்பவர்களும், திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் ஊஞ்சலுக்கோ திண்ணைக்கோ தைக்க நினைப்பவர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். தையல் முறை இரண்டுக்கும் ஒன்றே. உள்ளே வைக்கும் ஃபோமும் மேலே போர்த்தும் துணியும்தான் மாறும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம்.

அண்ணாச்சி, முதல்ல மிசின் வாங்கணுமா, துணி வாங்கணுமா?

துணி. மெத்தை எங்கே கிடக்கப்போகிறது என்பதை வைத்துத் துணியை முடிவு செய்யுங்கள். துணிக்கு ஏற்ற நூல், நூலுக்கு ஏற்ற ஊசி, அந்த ஊசி ஏறும் மெஷின் என்று வரிசையாகப் போக வேண்டும். மெஷினை முதலில் வாங்கியவர்கள் பலர், அதில் ஓடும் நூலுக்காகத் துணியின் தரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மூன்று மெத்தைக்காக மட்டும் என்றால் மெஷின் வாங்கவே வேண்டாம். அளவெடுத்து, வெட்டி, குறி போட்டு லாரி, ஆட்டோ சீட் தைக்கும் குஷன் கடையில் கொடுத்தால் ஓட்டிக் கொடுப்பார்கள். வேலையில் பாதிக்கு மேல் அளவும் வெட்டும்தான்.

வீட்டுல ஆச்சி காலத்து கறுப்பு மிதி மிசின் கெடக்கு. அதுல ரெக்சின் தைக்க முடியுமா?

முடியும். இரும்பு உடம்பும் கனமான சக்கரமும் உள்ள அந்த மெஷின், இன்றைய பிளாஸ்டிக் உடம்பு மெஷின்கள் பலவற்றை விட இதற்கு நல்லது. 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். டெக்ஸ் 70 என்ற கனம் வரையிலான நூல் ஓடும். அதற்கு மேல் கனமான நூல் ஷட்டிலில் (அடிநூல் இருக்கும் பாகத்தில்) சிக்கும்.

சாதாரண சீட் ரெக்சின் நான்கு மடிப்பு வரை தொல்லை இல்லை. பைப்பிங் (கயிறு வைத்துத் தைக்கும் ஓரக்கரை) வைத்த மூலையில் ஆறு, எட்டு மடிப்பு ஒன்றுசேரும். அங்கே மிதிக்காமல் கைச்சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு தையலாக இறக்குங்கள். மிதித்தால் ஊசி வளைந்து அடித்தகட்டில் மோதி ஒடியும். தகட்டிலும் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு நூலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

மோட்டார் மாட்டுனா பவர் கூடுமா?

வேகம் கூடும். மெதுவாக ஓட்டும்போது குத்தும் வலு கூடாது. வீட்டு மெஷினுக்கு மாட்டும் சின்ன மோட்டார் வேகம் பிடித்த பிறகுதான் இழுக்கும், மூலையிலோ உங்களுக்கு மெதுவாகப் போக வேண்டும். மிதியே போதும்.

புதுசா ஒரு மிசின் வாங்குறதா இருந்தா எதை வாங்க? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

ஐந்து வகையாகப் பிரித்துப் பாருங்கள். பூவேலை, ஜிக்ஜாக் எல்லாம் வரும் வீட்டு மெஷினில் கேன்வாஸ் ஒரு மெத்தை தைக்கலாம், பத்து தைக்க முடியாது. கறுப்பு மிதி மெஷினைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. தையற்காரர்கள் 'அம்ப்ரெல்லா மெஷின்' என்று சொல்லும் பெரிய உடம்பு மெஷின் அதற்கு அடுத்த படி. கை நீளம் அதிகம் என்பதால் மெத்தையின் துணியைச் சுருட்டி உள்ளே தள்ள இடம் கிடைக்கும். ஊஞ்சல், திண்ணை, ஜன்னல் மேடை என்று வீட்டுக்கு மட்டும் தைப்பவர்களுக்கு எங்கள் தேர்வு இதுதான்.

ஜுகி டிடிஎல்-8700 போன்ற பவர் மெஷின் சட்டைத் தையலுக்காக வந்தது. நிமிடத்துக்கு ஐயாயிரம் தையலுக்கு மேல் போடும், அது இங்கே நமக்குத் தேவையே இல்லை. அதே மாடலில் கனமான துணிக்கென்று வரும் 'எச்' வகை 5 மில்லிமீட்டர் வரை நீளத் தையல் போடும். பவர் மெஷின்தான் என்று முடிவானால் அதைக் கேளுங்கள். கிளட்ச் மோட்டார் வேண்டாம், சர்வோ மோட்டார் போடச் சொல்லுங்கள். சர்வோவில் வேகத்தைத் தவழ்கிற அளவுக்குக் குறைத்து வைக்கலாம், தைக்காத நேரம் மின்சாரமும் பெரிதாக இழுக்காது.

ஐந்தாவது வாக்கிங் ஃபுட் மெஷின். சாதாரண மெஷினில் கீழ்ப்பல் மட்டும் துணியை நகர்த்தும். இதில் மேலே உள்ள காலும் சேர்ந்து நடக்கும். வள்ளத்துக்கும் வண்டிக்கும் தொழிலாகத் தைப்பதென்றால் இதுதான் வழி. ஜுகி எல்யூ-1508 இந்த ரகம். கனமும் விலையும் அதிகம், வீட்டில் ஒரு மூலையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு நாலு மெத்தை தைக்க இதை வாங்குவது தேவையில்லாத செலவு.

பழைய மிசின் ஒண்ணு விலைக்கு வருது. எதைப் பாத்து வாங்கணும்?

கையில் உங்கள் ரெக்சின் துண்டும், உங்கள் நூலும், ஒரு புது 18-ஆம் நம்பர் ஊசியும் கொண்டுபோங்கள். கடைக்காரர் காட்டும் காடாத் துணியில் எந்த மெஷினும் அழகாகத் தைக்கும். நான்கு மடிப்பு ரெக்சினில், தையல் நீளத்தைக் கடைசி வரை திருப்பி, ஒரு முழ நீளம் தைத்துப் பாருங்கள். அளந்தால் ஒவ்வொரு தையலும் 4 மில்லிமீட்டர் பக்கம் வர வேண்டும். 2.5-இல் நின்றால் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது நெம்புகோல் தளர்ந்திருக்கலாம்.

பிறகு ஊசித் தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். அடித்தகட்டைக் கழற்றி ஷட்டில் முனையை நகத்தால் தடவினால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. தகட்டின் ஊசித்துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலும் பயமில்லை, தகடு தனியாகக் கிடைக்கும். கடலோர ஊர் மெஷின் என்றால் அடிப்பாகத்தைக் கவிழ்த்துத் துருவைப் பாருங்கள். மேலே மட்டும் பெயிண்ட் அடித்து விற்பது சகஜம்.

ஃபோம் என்ன டென்சிட்டி? கடைக்காரர் சொல்றதை எப்படி நம்புறது?

உட்காரும் இடத்துக்கு 40, சாயும் இடத்துக்கு 32 போதும். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். ஆகவே தராசு பொய் சொல்லாது. 60½ × 18½ இஞ்சு, 3 இஞ்சு கனம் உள்ள துண்டின் கொள்ளளவு ஏறக்குறைய 0.055 கன மீட்டர். அது 40 டென்சிட்டி என்றால் 2.2 கிலோ நிற்க வேண்டும், 32 என்றால் 1.75 கிலோ பக்கம். ஒன்றரைக் கிலோதான் இருக்கிறதென்றால் கடைக்காரரிடம் பேச வேண்டியதுதான்.

இது வீட்டுக்கு. வள்ளத்துக்கு இந்த ஃபோமை மட்டும் வைக்காதீர்கள். அதன் கண்கள் திறந்தவை. மேலே சொன்ன துண்டுக்குள் 55 லிட்டர் இடம் இருக்கிறது, அதில் பெரும் பங்கைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். நனைந்தால் ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. வள்ளத்து மெத்தைக்கு, அடியில் 1 இஞ்சு ஈவிஏ ஷீட் (ரப்பர்போன்ற ஃபோம் தாள்), அதன் மேல் 2 இஞ்சு ஃபோம் என்று ரப்பர் பசையால் ஒட்டுங்கள். ஈவிஏயின் கண்கள் மூடியவை, தண்ணீர் உள்ளே போகாது. பசையை இரு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சேர்க்க வேண்டும். டிவி, பிரிட்ஜ் பெட்டிக்குள் வரும் வெள்ளை ஈபிஇ ஷீட்டை அடுக்கி வைப்பவர்கள் உண்டு. மிதக்கும், ஆனால் சில மாதத்தில் உட்கார்ந்த இடம் பள்ளமாகி அப்படியே நின்றுவிடும்.

இலவம்பஞ்சு வைக்கலாமா? அந்தக் காலத்துல அதுதானே?

ஊஞ்சலுக்கும் திண்ணைக்கும் தாராளமாக வைக்கலாம், நம் ஊர் வெக்கைக்கு ஃபோமை விடக் குளிர்ச்சி. இலவம்பஞ்சின் நார் உள்ளே கூடு, மேலே மெழுகுப் பசை. அதனால் தண்ணீரை எளிதில் குடிக்காது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் அழுந்தி அழுந்திக் கட்டி தட்டும். மெத்தையை ஊடுருவி ஒரு சாண் இடைவெளியில் கைத்தையல் முடிச்சுப் போட வேண்டும், அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும்.

முடிச்சுத் துளை வழியே தண்ணீர் இறங்கும் என்பதால் வள்ளத்துக்கு இது சரிவராது. எந்த மெத்தையாக இருந்தாலும் அதை உயிர்காப்புச் சட்டைக்குப் பதிலாக நினைத்துவிடாதீர்கள்.

துணி ரெக்சினா, கேன்வாசா?

நனைகிற இடத்துக்கு ரெக்சின், நிழலான இடத்துக்குக் கேன்வாஸ். பருத்திக் கேன்வாஸ் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை நனைந்து மடிந்து கிடந்தால் கரும்புள்ளி விழுந்துவிடும், அது போகாது. ரெக்சின் வெயிலில் நாளடைவில் விறைக்கும். அதை வளைய வைக்கும் எண்ணெய்ச் சத்து வெளியேறுவதுதான் காரணம். தலைக்கு வைக்கும் எண்ணெய் ஊறினாலும் இதேதான், சாய்மானத்தின் மேல் விளிம்பு எப்போதும் முதலில் வெடிப்பதைப் பார்க்கலாம். கறுப்பு வேண்டாம், மதிய வெயிலில் உட்கார முடியாது.

நூலாக நூற்கும் முன்பே சாயம் ஏற்றிய அக்ரிலிக் துணி, வெளிநாட்டுப் படகுகளில் போடுவது, வெயிலுக்கு எல்லாவற்றையும் விட நன்றாக நிற்கும். தருவித்துத்தான் வாங்க வேண்டும்.

வலை நூல் நைலான்தானே, அதையே போட்டுத் தைக்கலாமே?

மெஷினில் கூடாது. மெஷின் நூலுக்கு உள்ள வழுக்குப் பூச்சு அதில் இல்லை. ஊசிக் கண்ணில் உரசி முறுக்குப் பிரியும். கோணி ஊசியால் கைத்தையல் போட்டு ஒரு கிழிசலை மூடுவதற்கு நல்லது.

தவிர, நைலான் வெயிலில் வலு இழக்கும். கரையில் காயும் பழைய வலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி நூல் ஈரத்தில் மக்கும். 'பாண்டட் பாலியஸ்டர்' என்று கேட்டு டெக்ஸ் 70 வாங்குங்கள், மேலும் கீழும் அதே நூல். சட்டை தைக்கும் நூலை இரட்டையாகக் கோத்துத் தைப்பது வீண் வேலை, ஒரு இழை முறுகி மற்றது தொங்கும்.

60 × 18 ஊஞ்சப் பலகைக்கு எவ்வளவு துணி வேணும்? எப்படி வெட்டணும்?

3 இஞ்சு கன மெத்தைக்கு, 54 இஞ்சு அகல ரெக்சின் 2 மீட்டர் போதும். தையலுக்கு ஒவ்வொரு ஓரத்திலும் அரை இஞ்சு. மேல், கீழ் துண்டுகள் 61 × 19 இஞ்சு, இரண்டு. ஜிப் பட்டிக்கு 67 × 2¾ இஞ்சு, இரண்டு. மீதிச் சுற்றுக்கு 4 இஞ்சு அகலப் பட்டி, 48 இஞ்சில் இரண்டு வெட்டி ஒட்டுப் போட்டால் 95 கிடைக்கும். தேவை 91தான், மிச்சம் ஜிப் நுனியை மடித்து மூட உதவும். துணியின் கடைசியில் மிஞ்சும் 11 இஞ்சில் 1½ இஞ்சு அகலமாக ஏழு துண்டு வெட்டுங்கள், மேலும் கீழும் ஓடும் பைப்பிங்குக்குச் சரியாக வரும். பைப்பிங் கயிறு 8½ மீட்டர். ரெக்சினுக்கு நேர் வெட்டுப் போதும். கேன்வாசுக்குக் குறுக்கு வெட்டு வேண்டும், அரை மீட்டர் துணி கூட வாங்குங்கள்.

ஃபோமை 60½ × 18½ என்று உறையை விட அரை இஞ்சு பெரிதாக வெட்டுங்கள். அளவு சரியாக இருக்கட்டும் என்று 60 × 18 வெட்டினால் ஒரு மாதத்தில் உறை தொளதொளவென்று சுருக்கம் விழும். ஃபோமை ஹாக்ஸா பிளேடால் அழுத்தாமல் பலமுறை இழுத்து வெட்ட வேண்டும். அழுத்தினால் கீழ்ப்பக்கம் உள்வாங்கி வெட்டு சரியும்.

எதை முதல்ல தைக்கணும்? ஒவ்வொரு தடவையும் எங்கயாவது மாட்டிக்கிடுது.

முதலில் ஜிப் பட்டி. இரண்டு துண்டின் ஓரத்தையும் முக்கால் இஞ்சு மடித்து, மடிப்புகள் ஜிப்பின் நடுவில் சந்திக்கும்படி தைத்தால் 4 இஞ்சு அகலம் நிற்கும். ஜிப் பின்பக்கம் முழுதும் ஓடி, இரு மூலையும் திரும்பி மூன்று மூன்று இஞ்சு வர வேண்டும். அப்போதுதான் ஃபோம் மடங்காமல் ஏறும். பிளாஸ்டிக் பல் ஜிப் வாங்குங்கள், வீட்டுக்கு 5-ஆம் நம்பர், வள்ளத்துக்கு 8 அல்லது 10. இரும்புப் பல், உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் இறுகிவிடும்.

அடுத்து மீதிப் பட்டியைச் சேர்த்து வளையமாக்குங்கள். பைப்பிங்கை மேல் துண்டிலும் கீழ் துண்டிலும் தனித்தனியாகத் தைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை மேல் துண்டோடு தைத்த பிறகு, நான்கு மூலைக்கும் நேர் கீழே பட்டியின் மறு ஓரத்தில் சிறு வெட்டுக்குறி போடுங்கள். இந்தக் குறி இல்லாவிட்டால் கீழ் துண்டு திருகிக்கொண்டு போகும். கடைசித் தையலுக்கு முன் ஜிப்பைத் திறந்து வையுங்கள். மூடியபடி தைத்துவிட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்ப வழியில்லாமல் தையலைப் பிரிப்பவர்கள் ஏராளம்.

கூர் மூலை வேண்டாம். டம்ளர் விளிம்பை வைத்து வரைந்து வெட்டுங்கள், தைக்கவும் சுலபம், காதுபோலத் துருத்தவும் செய்யாது. ஃபோம் ஏற மறுத்தால் மெல்லிய பாலிதீன் தாளில் சுற்றி உள்ளே தள்ளி, தாளை மட்டும் உருவிவிடுங்கள்.

வள்ளத்துல அணியத்துப் பக்கம் (முன்முனைப் பக்கம்) இருக்கை முக்கோணமா வருது, சுவரும் சாய்வா இருக்கு. அதுக்கு எப்படி அளவெடுக்க?

டேப் பிடித்து அளக்காதீர்கள், தாள் பிடியுங்கள். செய்தித்தாள்களை ஒட்டி இருக்கை மேல் விரித்து, ஓரத்தை விரலால் அழுத்தி மடித்து வெட்டுங்கள். இது அடி அளவு. பிறகு மெத்தை கனத்துக்கு, அதாவது 3 இஞ்சு உயரத்தில், சுவர் எவ்வளவு வெளியே போகிறது என்று மூன்று நான்கு இடத்தில் அளந்து குறியுங்கள். ஒரு இஞ்சு வெளியே போனால் மேல் துண்டு அந்தப் பக்கம் ஒரு இஞ்சு பெரிது. ஃபோமின் ஓரத்தையும் அதே சரிவில் சீவ வேண்டும். இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று தாளை மடித்து வெட்டாதீர்கள், ஃபைபர் வள்ளம் அப்படி வார்க்கப்பட்டிருக்காது.

தைச்சு முடியும்போது மேல் துணி மட்டும் நீண்டு நிக்கி. அளந்துதானே வெட்டுனேன்?

வெட்டில் தப்பில்லை. மெஷினைத் தேர்வு செய்யும் கேள்வியில் சொன்ன கீழ்ப்பல்தான் காரணம். அது அடித்துணியை இழுக்கிறது, மேல் துணி பிரஷர் ஃபுட்டில் (துணியை அழுத்தும் காலில்) ஒட்டிப் பின்தங்குகிறது. 60 இஞ்சு ஓட்டத்தில் அரை இஞ்சு சேர்ந்துவிடும். இரு துணியிலும் 6 இஞ்சுக்கு ஒரு குறி போட்டு, குறிக்குக் குறி சேர்த்துத் தையுங்கள். டெஃப்லான் ஃபுட் மாட்டுங்கள், கிடைக்காவிட்டால் ரெக்சின் மேல் துளி முகப்பவுடர். குண்டூசி குத்தாதீர்கள், ரெக்சினில் விழுந்த துளை மூடாது. துணி காயப்போடும் கிளிப் போதும்.

தையல் விட்டு விட்டு விழுது, நூலும் அறுகுது.

ஊசியை மாற்றுங்கள். பத்தில் எட்டுக்கு இதுவே மருந்து. புது ஊசியின் நீளக் குழி, நூல் நுழையும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மெஷினுக்குத் தட்டைத் தலை ஊசியா, உருண்டைத் தலையா என்று தெரியாவிட்டால் பழைய ஊசியைக் கடைக்கு எடுத்துப்போங்கள்.

ஊசி சரியென்றால் நம்பரைப் பாருங்கள். டெக்ஸ் 70 நூலை 14-ஆம் நம்பர் ஊசியில் கோத்தால் கண்ணில் உரசி அறும். அடியில் கொசகொசவென்று நூல் குவிந்தால் பலரும் பாபினைத் திருகுவார்கள். அது மேல் நூல் தொய்வு, மேல் டென்ஷனை இறுக்க வேண்டும். தையல் நீளத்தை 3.5 முதல் 4 மில்லிமீட்டரில் வையுங்கள். நெருக்கமாகப் போட்டால் பலம் என்பது ரெக்சினுக்குப் பொருந்தாது, அஞ்சல் தலையின் ஓரம்போல வரிசையாகக் கிழியும்.

உக்காந்தா பலூன் மாதிரி உப்புது. போன வாரம் தையலே விட்டுப்போச்சு.

காற்றுப் போக வழியில்லை. ரெக்சின் மூச்சு விடாது. பின்பக்கப் பட்டியில் இரண்டு ஐலெட் (துளைக்கு அடிக்கும் வளையம்) அடியுங்கள், பித்தளையில். வள்ளத்து மெத்தைக்கு அடித்துண்டையே வலைத்துணியில் போடுவது இன்னும் நல்லது. எத்தனை இறுக்கித் தைத்தாலும் ஊசித்துளை வழியே தண்ணீர் நுழையும். நுழைந்தது வடிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

பத்தமடைப் பாயை மேல் துணியா வச்சுத் தைச்சா அழகா இருக்குமேக்கா?

அழகாக இருக்கும், மூலையில் மடங்கும் இடத்தில் கோரை ஒடிந்துவிடும். பாயை மெத்தை அளவுக்கு வாங்கி, வெட்டிய ஓரத்துக்குத் துணிக்கரை கட்டி, மெத்தையின் மேல் தட்டையாகப் போட்டு நான்கு மூலையிலும் நாடா வைத்துக் கட்டுங்கள். கரை தைக்கும்போது நீளத் தையல், மெல்லிய ஊசி.

மிசினுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாம்லா?

விடாதீர்கள். நாளடைவில் பிசினாகி இறுகும். மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். ஏற்கெனவே விட்டு இறுகிய மெஷினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றி, அழுக்கு வடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் தைத்து முடித்ததும் ஊசித்தண்டையும் அடித்தகட்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்து மூடி வையுங்கள்.

வெள்ளத்துல நனைஞ்ச மெத்தையைக் காயவச்சுப் போட்டுக்கலாமா?

எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழைத் தண்ணீர் என்றால் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்து, மிதித்துப் பிழிந்து, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடுங்கள். கடல் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகுதான் காயவைக்க வேண்டும். உப்பு தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்து எப்போதும் பிசுபிசுக்கும்.

2023 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளம், சாக்கடையும் கலந்தது என்றால் ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே போன சேறு வெளியே வராது. ரெக்சின் உறையை சோப்புப் போட்டுக் கழுவி, அதே உறைக்குள் புது ஃபோம் வைக்கலாம்.

துணி நல்லாத்தான் இருக்கு, தையல் மட்டும் வெடிச்சுட்டு. மேலேயே ஒரு ஓட்டு ஓட்டவா?

பழைய வரிசைக்குப் பக்கத்திலேயே புது வரிசை போட்டால் துளைகள் நெருங்கி ரெக்சின் அந்த இடத்தில் கிழியும். உறையைத் திருப்பி, பழைய தையலுக்கு கால் இஞ்சு உள்ளே தள்ளி ஓட்டுங்கள். அதற்கேற்ப ஃபோமைச் சுற்றிலும் கால் இஞ்சு சீவ வேண்டும். ஒரு சாண் நீளம்தான் வெடித்திருக்கிறது என்றால் மெஷினே வேண்டாம். பழைய துளைகளிலேயே கோணி ஊசியால், ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் நூல் போய்வரும்படி கைத்தையல் போடுங்கள். வெடித்தது வெயில் படும் பக்கமாக இருந்து, மற்ற பக்கத்து நூலும் நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்கிறதென்றால் ஒட்டு வேலை வீண். முழுத் தையலையும் பிரித்து, பாலியஸ்டர் நூலில் திரும்ப ஓட்டுங்கள்.